விளக்கு வரைந்த வீடு

அத்தியாயம் 6

ஐந்து வாரமாக உஷாவோடு கூடவே வருகிறவர்களுக்கு அவள் கதை தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். பகலில் பெங்களூர் பொம்மசந்திராவில் மருந்து அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. மிச்ச நேரத்தில் மாயக்கதை எழுதுவாள். ராணி, பூதம், பேசுகிற ஏரி, இப்படி. சொந்தமாக ஒரு புத்தகம் கிடையாது. யாராவது தொகுப்பு நூல் போட்டால் அதில் உஷாவின் கதை ஒன்று இருக்கும்.

அவள் தங்கை லாவண்யா, ஐந்து வயது மகள் ஷ்ரேயாவைத் தூக்கிக்கொண்டு ஓசூர் வீட்டை விட்டு ஓடிவந்து நாற்பது நாளாகிறது. புருஷன் பரத் இஸ்திரிப் பெட்டியை அவள் முழங்கையில் வைத்து அழுத்திய மறுநாள் கிளம்பிவிட்டாள். விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், கோயில் வாசலில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருக்கும் ஐரினின் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். இடம் உஷாவுக்கும் ஐரினுக்கும் மட்டும்தான் தெரியும். உஷாவின் கணவர் எத்திராஜிடம்கூடச் சொல்லவில்லை. பீன்யாவில் ஷிஃப்ட் முடித்து வருகிற அந்த மனுஷர் பொய் சொன்னால் அவர் காதே சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பரத் இரண்டு தடவை உஷாவின் வீட்டுக்கு வந்தான். முதல் தடவை அழுதான். இரண்டாம் தடவை, "கண்டுபிடிக்கிறது எனக்குப் பெரிய வேலையில்லக்கா" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பைக் கேட்டதிலிருந்து உஷா ஒழுங்காகத் தூங்கவில்லை.

இந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு கேட்டிலிருந்து செக்யூரிட்டி கிருஷ்ணப்பா போன் செய்தார்.

"மேடம், கொரியர் பந்திதே. புக்கு போல இருக்கு. வந்து சைன் ஹாக்கி." கொரியர் வந்திருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டும் என்று பாதிக் கன்னடத்தில் சொன்னார்.

உஷா ஓடினாள். வீட்டு முகவரியைக் கொடுக்க பயந்து கம்பெனி முகவரியைக் கொடுத்திருந்தாள். ஆசிரியர் குறிப்பில்கூட 'பெங்களூரில் வசிக்கிறார்' என்பதை அடித்துவிட்டு, 'கதை எழுதுகிறார்' என்று மட்டும் போடச் சொல்லியிருந்தாள். எல்லாவற்றிலும் அத்தனை ஜாக்கிரதை!

கேன்டீன் மூலையில் உட்கார்ந்து உறையைக் கிழித்தாள். உள்ளே இரண்டு பிரதி. 'பன்னிரண்டு கோட்டைகள்.' பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கதை, எல்லாவற்றிலும் ஒரு கோட்டை வர வேண்டும் என்பது நிபந்தனை. இது அவளுக்கு ஏழாவது தொகுப்பு. தொகுப்பில் எழுதுகிறவர்களின் கவலை தனி. பெயர் பெற்றவர்களை முதலிலும் கடைசியிலும் போடுவார்கள். நடுவில் இருப்பவர்களை வாசகர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே புரட்டிவிடுவார். அட்டையில் நாலு பெயர் வரும், அதற்குக் கீழே 'மற்றும் பலர்'. ஆறு தொகுப்பிலும் உஷா அந்தப் பலரில் ஒருத்தியாகத்தான் இருந்தாள்.

இந்தத் தடவை அட்டையில் அவள் பெயர் இருந்தது. மூன்றாவதாக.

இரண்டு பிரதியையும் மாறி மாறி முகர்ந்து பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு தன் பெயரை ஒருமுறை தடவினாள். பிறகு கதையைத் திறந்தாள். 'நீர்வேலி ராணி.' கதைக்கு முன்னால் இரண்டு பக்கம் முழுக்க அவள் வரைந்த வரைபடம். எடிட்டர் கிளாரன்ஸ் இவ்வளவு பெரிதாகப் போடுவார் என்று அவள் நினைக்கவே இல்லை.

அவரே போன் செய்தார்.

"புக்கு வந்துருச்சா மேடம்? மேப் எப்படி?"

"சார், என்ன சார் இப்படிப் பெரிசா போட்டுட்டீங்க!"

"பின்ன? போன வாரம் நம்ம ஃபேஸ்புக் பேஜ்ல அந்த மேப்பைத்தானே முதல்ல போட்டேன். அதுக்குத்தான் அத்தனை பேர் லைக். அதைவிடுங்க, நம்ம பரத் சாரே போன் பண்ணிட்டார்!"

உஷாவின் கையில் புத்தகம் திறந்தபடி இருந்தது.

"எந்தப் பரத்?"

"என்ன மேடம், உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தான். முன்னாடி மூணு தொகுப்புல உங்களுக்கு மேப் போட்டவர். அவர் பேரையும் போட்டிருந்தோமே. அக்கா இந்தத் தடவை தானே வரைஞ்சிருக்காங்க, நான் பார்க்கணும், ஒரிஜினல் ஸ்கேன் அனுப்புங்கன்னு கேட்டார். ஃப்ரேம் பண்ணி உங்களுக்கே பரிசா குடுக்கப் போறாராம். சொல்லிடாதீங்கன்னார், நான் உளறிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா?"

"நேத்து சாயந்திரமே. நான் க்ளீன் பண்ணினதை அனுப்பறேன்னேன். வேணாம், பென்சில் கோடெல்லாம் அப்படியே இருக்கட்டும், அதுலதான் ருசி இருக்குன்னார். ஆர்ட்டிஸ்ட் இல்லையா... மேடம்? ஹலோ?"

கிளாரன்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை. குடும்பத்து விஷயம் வெளியே போனால் கேவலம் என்று அவரிடம் வாயைத் திறக்காமல் இருந்தவள் உஷாதான்.

விஷயம் இதுதான். பரத் கட்டட வரைபடம் போடுகிறவன். நாலு வருஷத்துக்கு முன், அவன் எல்லாருக்கும் நல்ல மாப்பிள்ளையாக இருந்த காலத்தில், உஷாவுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தான். "சும்மா மனசுல தோணினதை வரைஞ்சா தெரு தெரு மாதிரியே இருக்காதுக்கா. நிஜத் தெருவை எடுங்க. அடியில இருக்கறது தெரியற பட்டர் பேப்பரை வெச்சு அப்படியே கோடு இழுத்து, தலைகீழாத் திருப்பிடுங்க. பேரை மாத்திடுங்க. ஒருத்தனுக்கும் தெரியாது." முதல் தொகுப்பில் வந்த நாகர் நாடு, குடியாத்தம் கடைத்தெருவைத் தலைகீழாகப் போட்டது. இரண்டாவதில் வந்த தீவு, ஓசூர் பேருந்து நிலையம். அதைச் சொல்லிச் சொல்லி மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். லாவண்யாவும்தான்.

இந்தத் தடவை வரைந்து தர ஆள் இல்லை. கெடு இரண்டே நாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை லாவண்யாவைப் பார்க்கப் போனபோது, மாடியறையில் உட்கார்ந்து, போனில் தெருப் படத்தை வைத்து, பட்டர் பேப்பரைப் போட்டு இழுத்தாள். கை அவன் சொல்லிக்கொடுத்த வழியிலேயே போனது. கோயில், நூறு தீபக் கோயிலானது. பேக்கரி, ரொட்டிக்காரன் சத்திரமானது. தண்ணீர்த் தொட்டி, பூதத்தின் தலையானது. கொடுங்கோல் அரசனிடமிருந்து மகளோடு தப்பிய ராணி ஒளிந்திருக்கும் கோபுரத்தில், அழகாக இருக்கட்டும் என்று ஒரு விளக்கு வேறு வரைந்தாள்.

பென்சிலில் முதலில் குறித்த நிஜப் பெயர்களை அவள் அழிக்கவில்லை. கிளாரன்ஸ் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்துகொள்வார் என்று விட்டுவிட்டாள். 'பேக்கரி.' 'டாங்க்.' 'படி பின்பக்கம்.'

லாவண்யாவுக்குப் போன் போட்டாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும்தான் அது உயிரோடு இருக்க வேண்டும் என்பது உஷாவே போட்ட சட்டம். ஐரினுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை, கோயிலில் நவநாள் ஜெபம், கூட்டம் நெரியும். மெழுகுவர்த்திக் கடையில் நிற்கிற ஐரினுக்கு இடியே விழுந்தாலும் கேட்காது.

"சார், வீட்ல அவசரம்," என்று சூப்பர்வைசரிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்து அவர் என்ன ஏதென்று கேட்கவில்லை.

மெட்ரோ நிலையத்துக்கு ஓடினாள். அடுத்த வண்டிக்குப் பன்னிரண்டு நிமிஷம் என்று பலகை காட்டியது. பன்னிரண்டும் பன்னிரண்டாகவே ரொம்ப நேரம் நின்றது. நேற்று சாயந்திரம் அனுப்பியது. ஒரு ராத்திரி, ஒரு காலை. ஓசூரிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வண்டியில் உட்கார்ந்ததும் புத்தகத்தைத் திறந்து தலைகீழாகப் பிடித்தாள். எதிரே ஒரு காலேஜ் பெண் விநோதமாகப் பார்த்தாள். உஷா பஸ் நிறுத்தத்திலிருந்து விரலை நகர்த்தினாள். கோயில், இடதுபக்கம் சத்திரம், சந்து, பூதத்தின் தலை, விளக்கு. பத்து விநாடிகூட ஆகவில்லை. வித்தையைக் கற்றுக்கொடுத்தவனுக்கு அதுகூட வேண்டாம்.

எத்திராஜைக் கூப்பிடலாமா? பீன்யாவிலிருந்து அவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். சில்க் போர்டில் இறங்கி ஆட்டோ பிடித்தாள்.

"விவேக் நகர் சர்ச்சா? இன்னிக்கு தேர்ஸ்டே மேடம், உள்ள போக முடியாது. பஸ் ஸ்டாப்லயே விட்றேன்."

"எங்கயாவது விடுங்க, சீக்கிரம் போங்க."

ஆட்டோ ஊர்ந்தது. பக்கத்தில் வந்து நிற்கிற ஒவ்வொரு பைக்கிலும் ஹெல்மெட்டுக்குள் பரத்தின் கண் இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. ஒருவன் திரும்பிப் பார்த்ததும் புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஊர் முழுக்க விற்கப் போகிற புத்தகத்தை!

கோயில் வாசலில் தலைகளாகத் தெரிந்தது. பூ, மெழுகுவர்த்தி, குழந்தை இயேசு படம், பஜ்ஜி வாசம். ஐரின் கடையில் நாலு பேர் மொய்த்திருந்தார்கள்.

"ஐரின் அக்கா!"

"ஏய் உஷா! என்ன இந்நேரத்துல? மூஞ்சியெல்லாம் பேயறைஞ்சாப்ல..."

"லாவி எங்க?"

"மேலதான் இருக்கா. ஏன்?"

உஷா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ஐரின் கையிலிருந்த மெழுகுவர்த்திக் கட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

"அந்த ஆளு எப்படி இருப்பான்?"

"ஒல்லியா, கண்ணாடி. ரொம்ப மரியாதையா பேசுவான்."

"மாதாவே..." ஐரின் குரல் இறங்கியது. "கொஞ்ச நேரம் முன்னாடி ஒருத்தர் பத்து மெழுகுவத்தி வாங்கினார். ஏம்மா, இங்க பழைய பேக்கரி ஒண்ணு இருக்காமே, எந்தப் பக்கம்னு கேட்டார். இங்க மூணு பேக்கரி இருக்கு சார், எதைக் கேக்கறீங்கன்னேன். பரவால்ல, நானே பார்த்துக்கறேன்னு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனார்."

உஷா சந்தின் பக்கம் திரும்பினாள்.

"நீ மேல போ. பேகா, சீக்கிரம் போ! நான் தெரிஞ்ச ஆட்டோவைச் சந்து முனைக்கு வரச் சொல்லிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்," என்று சொல்லிக்கொண்டே ஐரின் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

பின்பக்கப் படியில் உஷா இரண்டிரண்டாக ஏறினாள். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. அதுதான் அவர்கள் அடையாளம். உள்ளே எவர்சில்வர் டம்ளர் உருளுகிற சத்தம். தாழ்ப்பாள் மேல் லாவண்யா எப்போதும் ஒரு டம்ளரைக் கவிழ்த்துவைத்திருப்பாள். யாராவது கதவை அசைத்தால் விழுந்து சத்தம் போடும்.

"என்னக்கா, ஆறு மணிக்குத்தானே போன் பண்ணுவே?"

ஷ்ரேயா தரையில் உட்கார்ந்து கலர் பென்சிலால் யானை போட்டுக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, புக்கு!" என்று உஷா கையிலிருந்ததைப் பிடுங்கினாள்.

"லாவி, பையை எடு. உடனே கிளம்பணும். ஐரின் அக்கா சந்து முனைக்கு ஆட்டோ வரச் சொல்லியிருக்காங்க. பரத்துக்குத் தெரிஞ்சுபோச்சு."

லாவண்யா கத்தவில்லை. நாற்பது நாளாக அதற்குத்தான் தயாராக இருந்தவள்போல, கட்டிலுக்கு அடியிலிருந்து ஏற்கெனவே அடுக்கிவைத்திருந்த பையை இழுத்தாள். குழந்தையின் செருப்பை மாட்டினாள். பிறகுதான் கேட்டாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

பொய் சொல்லலாமா என்று உஷா ஒரு கணம் யோசித்தாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஷ்ரேயா புத்தகத்தை விரித்துவிட்டாள்.

"அம்மா, இங்க பாரு, லைட்டு போட்ட வீடு!"

லாவண்யா புத்தகத்தை வாங்கினாள். வரைபடத்தைப் பார்த்தாள். மெதுவாக அதைத் தலைகீழாகத் திருப்பினாள். அவளுக்கும் அந்த வித்தை தெரியுமே.

பக்கத்தைப் புரட்டிப் படிக்க ஆரம்பித்தாள். "லாவி, நேரமில்ல" என்று உஷா சொன்னது அவள் காதில் விழவில்லை.

"ராணி கதவு மேல வெண்கலக் கிண்ணத்தைக் கவிழ்த்து வெக்கறா," என்றாள் லாவண்யா. "இது என் டம்ளர்."

உஷா புத்தகத்தை வாங்கக் கையை நீட்டினாள்.

"பொண்ணு தூக்கத்துல, கதவைச் சாத்து, கதவைச் சாத்துன்னு சொல்றா. உன் மடியில படுத்துக்கிட்டு ஷ்ரேயா சொன்னாளே, அது."

"எடிட்டர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டார் லாவி. ராணி பயப்படறான்னு எழுதியிருக்கீங்க, எனக்குப் பயம் வரலன்னார். அப்புறம் நான் உன்னைப் பார்த்தேன்... எழுதினேன். பேரெல்லாம் மாத்திட்டேன்."

"பேரை மாத்தினா ஆச்சாக்கா?"

மூன்றாவது தடவை அனுப்பிய அன்றே கிளாரன்ஸ், 'இப்ப வந்திருச்சு மேடம், படிச்சிட்டு கைநடுங்கிடுச்சு' என்று பதில் போட்டிருந்தார். அந்த வரியை உஷா இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டாள். அதை நினைத்தபோது இப்போது அவளுக்கு அவளையே பிடிக்கவில்லை.

"என்னை மன்னிச்சிடு. வா, போலாம். எலக்ட்ரானிக் சிட்டியில என்கூட வேலை பாக்கறவ வீடு ஒண்ணு இருக்கு..."

"நீ வராத."

"என்னடி?"

"நீ வர வேணாம். எங்க போறேன்னும் கேக்காத. ஐரின் அக்கா எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு இடம் சொல்லி வெச்சிருக்காங்க. அது அவங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்." லாவண்யா புத்தகத்தை மூடிக் கட்டிலில் வைத்தாள். "எனக்கு உன் மேல கோபம்கூட வரலக்கா. பயமா இருக்கு. அவரைப் பார்த்து பயந்தேன். இப்ப உன்னைப் பார்த்தாலும் பயமா இருக்கு. நான் உக்கார்றது, படுக்கறது, எம்பொண்ணு தூக்கத்துல பேசறது, எல்லாத்தையும் நீ எடுத்துக்கற."

மாயக்கதையில் நாற்பது விதமான சாபம் எழுதியிருக்கிறாள் உஷா. தன் மேல் ஒன்று விழும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

லாவண்யா பையைத் தோளில் மாட்டி, ஷ்ரேயாவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "பெரியம்மா வரலையா?" என்று குழந்தை கேட்டது. "பெரியம்மாவுக்கு வேலை இருக்கு" என்றாள் லாவண்யா. படியில் அவள் செருப்புச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது.

உஷா ஓடிப் போய் முன்பக்க பால்கனியில், காயப்போட்டிருந்த போர்வைக்குப் பின்னால் நின்றாள். சந்து நேராகத் தெரிந்தது. லாவண்யா தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். சந்து முனையில் ஆட்டோ நின்றது. ஏறினாள். உஷா மூச்சை விட்டாள்.

ஆட்டோ நகரவில்லை.

முன்னால் ஒரு பஸ் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றிருந்தது. அதைச் சுற்றி மெழுகுவர்த்தி பிடித்த கூட்டம். ஆட்டோக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். ஆட்டோவின் பக்கவாட்டில் ஷ்ரேயாவின் சின்னக் கை வெளியே நீண்டு, பலூன்காரரைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கு இருபதடி தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, ஒல்லியாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, கண்ணாடி. கையில் ஒரு பெரிய தாள். அதை ஒருமுறை பார்த்தான், திருப்பிப் பிடித்தான், நிமிர்ந்து வீடுகளைப் பார்த்தான். பரத்.

அவன் முதுகு ஆட்டோவின் பக்கம் இருந்தது. ஹாரன் மறுபடி அலறியது. சத்தம் வந்த பக்கம் அவன் மெல்லத் தலையைத் திருப்பத் தொடங்கினான்.

கீழே ஒரு போலீஸ்காரரும் இல்லை. ஐரினும் இல்லை. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. அந்த இஸ்திரிப் பெட்டிச் சூட்டுப் புண்ணுக்குப் பத்து நாள் மருந்து போட்டவள் அவள். இந்த மனுஷனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

போர்வையை விலக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"தம்பி! பரத் தம்பி! இங்க! இந்த வீடுதான்!"

அவன் சட்டென்று நிமிர்ந்தான். ஆட்டோவின் பக்கம் போய்க்கொண்டிருந்த அவன் பார்வை மாடிக்கு வந்தது. முகம் மலர்ந்தது.

"அக்கா! நீங்களா? லாவண்யா இருக்காளா?"

"இருக்கா, இருக்கா. மேல வாங்க. படி பின்பக்கம்."

அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிதானமாக வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தான். பஸ் ஒருவழியாகத் திரும்பியது. ஆட்டோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு நகர்வதை உஷா பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க நேரமில்லை. படியில் ஷூ சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அவள் அறைக்குள் வந்தாள். தாழ்ப்பாளைப் போடாமல் கதவைத் தானே அகலத் திறந்துவிட்டு நின்றாள்.